பழைய பூத்தையல் துணிகள்: எதைத் துவைப்பது, எதை உறைபனிக்குப் போர்த்துவது?

கேள்வி: கிழக்குச்சாளரம்

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்காலத்தில் உறைபனி விழும் ஒரு நாட்டுப்புற வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஓராண்டு ஆகப்போகிறது. பழைய பொருள்கள் விற்கும் இடத்துக்குள் நுழைந்துவிட்டால் வெறுங்கையோடு வெளியே வரத் தெரியாதவள் நான். சென்ற மாதம் அப்படி நுழைந்த ஓரிடத்தில், தகரப் பெட்டி ஒன்றுக்குள் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்த பூத்தையல் துணிகளை மொத்தமாக வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் விரித்துப் பார்த்த பிறகுதான், என் கைக்கு வந்திருப்பது எவ்வளவு உழைப்பு என்பதும் அதைக் கெடுத்துவிட எனக்கு எவ்வளவு எளிதாக முடியும் என்பதும் உறைத்தன.

உள்ளே இருந்தவை இவை. வெள்ளை லினனில் வெள்ளை நூலாலேயே தைத்த பெரிய மேசை விரிப்பு ஒன்று. மடிப்புக் கோடுகள் முழுவதும் மஞ்சளித்து, குண்டூசி குத்தியிருந்த இடங்களில் நான்கைந்து துருக்கறைகளும் இருக்கின்றன. சிவப்பு நூலில் காம்புத் தையலால் பூக்கள் வரைந்த தலையணை உறைகள் இரண்டு. கம்பளி நூலில் நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்ட திண்டு முகப்பு ஒன்று. அதில் ஆங்காங்கே சிறு பள்ளங்களைப் போல நூல் அரிக்கப்பட்டிருக்கிறது. பட்டுப்போல் பளபளக்கும் நூலில் தைத்த நீள விரிப்பு ஒன்று. கடைசியாக, ஓரத்துப் பின்னல் பாதி அறுந்துபோன கனத்த பருத்தி விரிப்புகள் மூன்று.

இவற்றில் எதைத் துவைக்கலாம், எதை எடுத்து வைத்துவிட வேண்டும் என்று சொல்லுங்கள். இவற்றின் வயதை ஏறத்தாழவாவது கணிக்க வழியுண்டா? கிழிந்த பருத்தி விரிப்புகளை உறைபனி இரவுகளில் செடிகள்மேல் போர்த்தலாமா, அல்லது அது துணிக்கும் செடிக்கும் ஒருசேரக் கேடாகுமா? அதே இடத்தில் கண்ணாடியோடு கூடிய பழைய மரச் சன்னல் கதவுகள் இரண்டும் கிடைத்தன. அவற்றை மூடியாக வைத்துக் குளிர்காலக் கீரைக்கு ஒரு பெட்டி செய்ய நினைக்கிறேன். சன்னலின் வெள்ளை வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறது என்பதுதான் சிறு கவலை.

மறுமொழி: பழந்தையல்

வாழ்த்துகள். நீங்கள் வாங்கியது நல்ல மூட்டை. துணியைத் தொடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இன்னும் எதையும் இஸ்திரி போட்டிருக்காவிட்டால், இனியும் போடாதீர்கள். கறையோடு இருக்கும் துணியில் சூடு பட்டால் கறை இழைக்குள் இறுகிவிடும். பிறகு அதை வெளியேற்றுவது பெரும்பாடு.

வெள்ளை லினன் விரிப்பில் தொடங்குகிறேன். மஞ்சள் முழுவதும் அழுக்கு அல்ல. பருத்தியும் லினனும் செல்லுலோஸ் இழைகள். அவை காற்றோடும் ஒளியோடும் ஆண்டுக்கணக்கில் வினைபுரிந்து மெல்லச் சிதையும்போது அமிலத்தன்மையும் மஞ்சள் நிறமும் கொண்ட பொருள்கள் உண்டாகின்றன, அவற்றில் பெரும்பகுதி வெறும் நீரிலேயே கரையும். எனவே முதல் மருந்து சலவைத்தூளோ வெளுப்பானோ அல்ல, நீரும் பொறுமையும்தான். அகன்ற தொட்டியில் மெல்லிய வலைத்துணி ஒன்றை விரித்து, அதன்மேல் விரிப்பைப் பரப்பி, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். சில மணி நேரத்தில் நீர் தேநீர் நிறத்துக்கு மாறும். அதை வடித்துப் புதுநீர் ஊற்றுங்கள். நீர் தெளிவாக நிற்கும்வரை இதைத் தொடரலாம், இரண்டு நாள் ஆனாலும் கெடுதல் இல்லை. லினன் நனையும்போது வலுவிழப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் நலிந்த பழைய துணியை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால், அது உறிஞ்சிய நீரின் சுமையே அதைக் கிழித்துவிடும். வலைத்துணி அதற்காகத்தான், தூக்குவது வலையை, துணியை அல்ல. முறுக்கிப் பிழிவதை அறவே விட்டுவிடுங்கள்.

துருக்கறை வேறு கதை. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள், நானும் ஒருமுறை தவறியிருக்கிறேன். வெண்மைக்காகப் பலரும் பரிந்துரைக்கும் சோடியம் பெர்கார்பனேட் தூள் நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும். பருத்திக்கும் லினனுக்கும் அது ஏற்றதுதான், ஆனால் துருவில் இருக்கும் இரும்பு அந்தப் பெராக்சைடை அதே புள்ளியில் வேகமாகச் சிதைக்கத் தூண்டுவதால், கறை இருந்த இடத்து இழை அரிக்கப்பட்டு ஓட்டையாகும். நான் கறையை நீக்கிவிட்டதாக மகிழ்ந்து துணியை வெளிச்சத்தில் பிடித்தபோது, கறை இருந்த வட்டங்கள் வழியாகத் தோட்டம் தெரிந்தது. ஆகவே துருவை முதலில் தனியாக எடுங்கள். சிட்ரிக் அமிலக் கரைசலையோ எலுமிச்சைச் சாற்றையோ கறையின்மேல் மட்டும் இட்டுச் சற்று நேரம் விட்டு, அமிலம் துளியும் மிஞ்சாதபடி பலமுறை அலசுங்கள். பிடிவாதமான துருவுக்கு ஆக்சாலிக் அமிலம் வேலை செய்யும். அது நஞ்சு என்பதால் கையுறை வேண்டும், சமையல் பாத்திரம் எதையும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. துரு போன பிறகும் மஞ்சள் மிச்சமிருந்தால் மட்டுமே பெர்கார்பனேட் பக்கம் போகலாம். குளோரின் வெளுப்பானை எந்தக் கட்டத்திலும் எடுக்காதீர்கள். அது செல்லுலோஸை நலிவாக்கும். கம்பளியையும் பட்டையும் கரைத்தே விடும்.

சிவப்புத் தலையணை உறைகளை நீரில் போடுமுன் சாயச் சோதனை கட்டாயம். வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றை நனைத்து, பூவின் பின்புறம் ஒரு மூலையில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். அதே சோதனையைச் சோப்பு நீரிலும் தனியாகச் செய்யுங்கள், ஏனெனில் நீரில் அசையாத சாயம் சோப்பில் ஓடக்கூடும். மஞ்சிட்டி வேரைக் கொண்டும், 1868இல் அதன் நிறப்பொருளான அலிசரின் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட பின் அதைக் கொண்டும் ஏற்றப்பட்ட துருக்கிச் சிவப்பு, சலவைக்கு அசையாத உறுதிக்குப் பேர்போனது. ஆனால் 1880களில் வந்த காங்கோ சிவப்பு வகைச் சாயங்கள், சாயத்தை இழையில் பிடித்துவைக்கும் நிறமூன்றிப் பொருள் ஏதுமின்றி நேரடியாகப் பருத்தியில் ஏறின. ஏறிய எளிமையோடே இறங்கவும் செய்யும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் 'இதற்கு முந்தையது அல்ல' என்று சொல்லச் சில தடயங்கள் உண்டு. செயற்கைச் சாயங்களின் காலம், வில்லியம் பெர்கின் 1856இல் ஊதா நிறச் சாயம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டபோது தொடங்கியது. அதற்குமுன் நூலுக்குக் கிடைத்தவை செடி, பூச்சி, கனிமம் ஆகியவற்றின் நிறங்களே. காரக் கரைசலில் பருத்தியைப் பதப்படுத்தும் முறையை ஜான் மெர்சர் 1844இல் கண்டறிந்தார். ஆனால் நூலை இழுத்துப் பிடித்தபடி பதப்படுத்தினால் பட்டின் மினுமினுப்பு வரும் என்பது 1890களை ஒட்டித்தான் தெரியவந்தது. உங்கள் தலையணை உறையின் நூல் பருத்தியாக இருந்தும் நன்றாக மின்னுகிறது என்றால், அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. புறஊதா விளக்கில் துணி நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், 1940களுக்குப் பிறகு பரவிய ஒளிர்வெண்மைப் பொருள் அதில் இருக்கிறது. ஆனால் பழைய துணியை யாராவது அண்மையில் இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படித்தான் ஒளிரும் என்பதால், ஒளிராமல் இருப்பதுதான் வலுவான தடயம். துணியைத் திருப்பிப் பின்புறத்தையும் பாருங்கள். முன்புறம் வெளுத்திருந்தாலும் பின்புறம் பழைய நிறத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், தைத்தவரின் பொறுமையையும்கூட.

பளபளக்கும் நூல் விரிப்பை இப்போதைக்குத் துவைக்காதீர்கள். அது பட்டாகவும் இருக்கலாம், ரேயானாகவும் இருக்கலாம். ரேயான் நனைந்தால் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். பழைய பட்டில் எடைகூட்ட உலோக உப்பு ஏற்றியிருந்தால், மடிப்பில் தொட்டாலே பொடியாகும். ஓரத்திலிருந்து உதிர்ந்த ஒரு சிறு இழையை இடுக்கியில் பிடித்து, ஈரமான இடத்தின்மேல் வைத்து எரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்: தாள் எரியும் மணம் வந்தால் பருத்தி, லினன் அல்லது ரேயான், முடி கருகும் மணம் வந்தால் பட்டு அல்லது கம்பளி, உருகி மணியாகத் திரண்டால் செயற்கை இழை.

மறுமொழி: உறைபனிப்பாத்தி

பழந்தையல் அம்மா துணியைச் சொல்லிவிட்டார். நான் சன்னலுக்கும் செடிக்கும் வருகிறேன்.

வண்ணம் உதிர்வதைச் சிறு கவலை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்த மூட்டையிலேயே பெரிய கவலை அதுதான். பழைய மர வண்ணங்களில், குறிப்பாக 1970களுக்கு முற்பட்டவற்றில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் அதை வைக்கப்போவதோ சாப்பிடும் கீரையின் தலைக்கு மேல். உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பது மிகக் கெட்ட வழி. தூசி மூச்சிலும் மண்ணிலும் இறங்கும், மண்ணில் இறங்கிய ஈயம் எங்கும் போகாது. முதலில் ஈயச் சோதனைப் பட்டை ஒன்றால் பாருங்கள். ஈயம் இருந்தால் அந்தச் சட்டங்களைக் கீரைப் பெட்டிக்கு எடுக்க வேண்டாம். கண்ணாடியை மட்டும் கவனமாகக் கழற்றிப் புது மரச்சட்டத்தில் பொருத்தலாம், உடைந்த பழைய மக்குப்பூச்சையும் வண்ணத் துணுக்குகளையும் தோட்டத்தில் விடாமல் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

பெட்டியின் அமைப்பு எளிது. பின்பலகை 45 சென்டிமீட்டர், முன்பலகை 30 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால் கண்ணாடி வெயிலை நோக்கிச் சாய்ந்து நிற்கும், மழைநீரும் வழிந்தோடும். பூமியின் வடபாதியில் இருந்தால் சாய்வு தெற்கு நோக்கி இருக்க வேண்டும். குளிரைவிட இந்தப் பெட்டியில் செடிகளைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான்: வெளியே உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு தெளிந்த நண்பகலில் மூடிய கண்ணாடிக்குள் கீரை வெந்துபோகும். வெயில் வந்தவுடன் மூடியை ஒரு கட்டை கொடுத்துத் தூக்கிவைத்து, வெயில் சாயுமுன் மூடிவிடுங்கள். அன்றைய சூட்டை மண் இரவுக்கு வைத்துக்கொள்ளும்.

குளிர்காலத் தோட்டம் என்ற பெயர் கேட்பவர்களை ஏமாற்றும். பகல் பொழுது பத்து மணி நேரத்துக்குக் கீழே குறைந்துவிட்டால், பெட்டிக்குள் எவ்வளவு இதமாக இருந்தாலும் பெரும்பாலான கீரைகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். எனவே குளிர்காலத்தில் நீங்கள் பயிர் வளர்ப்பதில்லை. இலையுதிர்காலத்துக்குள் வளர்ந்து முடிந்ததைக் கெடாமல் காத்து, வேண்டும்போது பறித்துக்கொள்கிறீர்கள். இந்த ஆண்டு விதைக்கக் காலம் கடந்துவிட்டது என்றால் வருத்தம் வேண்டாம். மண் இன்னும் இறுகி உறையாத இடத்தில் பூண்டுப் பற்களை ஊன்றிவிடுங்கள். அதற்குச் சில வாரக் குளிர் தேவை, அந்தக் குளிர் கிடைக்காத பூண்டு பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். ஏற்கெனவே நிலத்தில் நிற்கும் கேல் கீரையையும் பார்ஸ்னிப் கிழங்கையும் பறிக்க அவசரப்படாதீர்கள். குளிர் பட்டதும் அவை தம் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால், உறைபனிக்குப் பிறகுதான் சுவையே கூடும்.

இனி விரிப்புகள். கிழிந்த கனத்த பருத்தி விரிப்பைவிட நல்ல போர்வை செடிக்குக் கிடையாது. ஆனால் அது போர்வை வேலை செய்வதே இல்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் சரியாகப் போர்த்துவீர்கள். செடிக்கு உடற்சூடு இல்லை. சூடு மண்ணிலிருந்து எழுகிறது, துணி அதை விண்ணுக்குத் தப்பாமல் பிடித்துவைக்கிறது. ஆகவே துணி நாலாபுறமும் தரையைத் தொட வேண்டும். தண்டைச் சுற்றிக் கட்டி மேலே குடைபோல் விட்டால் மண்ணின் சூடு வெளியிலேயே போய்விடும். குச்சிகள் நட்டு அவற்றின்மேல் போர்த்துங்கள், ஏனெனில் ஈரத்துணி இலையோடு ஒட்டி உறைந்தால் இலை அதோடு வந்துவிடும். முந்தின பகலில் மண்ணை நனைத்து வைத்தால் இன்னும் நல்லது. ஈரமண் உலர்மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேமிக்கும். இவ்வளவு செய்தாலும் கிடைப்பது ஓரிரு டிகிரிக் காப்புதான், கடுங்குளிரை இது தடுக்காது. காலையில் உறைபனி கலைந்ததும் எடுத்து உலர்த்துங்கள்.

பனி பொழிந்து செடிகளை மூடிவிட்டால் துணியைத் தேடி ஓடாதீர்கள். தாழ்ந்த செடிகளுக்கு அந்தப் பனியே காப்பு. நிமிர்ந்த பசும்புதர்களின் கிளைகள் வளைந்தால் மட்டும் கீழிருந்து மேலாகத் தட்டிவிடுங்கள். சுட்ட மண்தொட்டிகள் இருந்தால் உள்ளே எடுத்துவையுங்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், நீரை உறிஞ்சிய தொட்டி அடுக்கடுக்காகப் பிளக்கும்.

மறுமொழி: இழையோட்டம்

கம்பளித் திண்டு முகப்பை யாரும் தொடவில்லையே. நீங்கள் சொல்லும் பள்ளங்கள் அந்துப்பூச்சியின் புழு தின்ற இடங்கள். அந்தத் துண்டை மற்றத் துணிகளோடு ஒரே பெட்டியில் வைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். காற்றுப் புகாத நெகிழிப் பையில் இட்டு, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும்; இல்லாவிட்டால் குளிர்ந்த கம்பளியின்மேல் காற்றின் ஈரம் நீராகப் படியும். பிறகு வலைத்துணி ஒன்றை மேலே பிடித்துக்கொண்டு, தூசி உறிஞ்சியைக் குறைந்த வேகத்தில் வைத்து இருபுறமும் எடுங்கள். கம்பளிக் குறுக்குத் தையலை நான் துவைப்பதே இல்லை. அடித்துணி ஒரு விதமாகவும் கம்பளி இன்னொரு விதமாகவும் சுருங்கி, சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

பழந்தையல் அம்மாவோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். மஞ்சள் முற்றும் போகும்வரை லினனை விடக் கூடாது என்ற தொனி அவர் எழுத்தில் இருக்கிறது. அமிலம் போனால் போதும். நிறம் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மங்கிய தந்த நிறத்தில் நிற்கும் விரிப்பு இன்னும் பல்லாண்டு உழைக்கும், வெள்ளைவெளேரென்று ஆக்கப்பட்டது அடுத்த சலவையில் ஓரத்தில் விட்டுப்போகும். கஞ்சி போடுவதையும் மேசையில் விரிக்கப்போகும் நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியோடு எடுத்து வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகும்.

கேள்வி கேட்டவர்: கிழக்குச்சாளரம்

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. ஈயச் சோதனைப் பட்டை சிவந்துவிட்டது. சட்டங்களைத் தனியே மூடி வைத்துவிட்டேன், கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொள்வேன். லினன் மூன்றாம் முறை நீர் மாற்றி ஊறுகிறது, இழையோட்டம் சொன்னபடி தந்த நிறத்தோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன். சிவப்பு நூல்தான் சிக்கல். நீரில் துண்டு வெள்ளையாகவே இருந்தது. சோப்பு நீரில் இளஞ்சிவப்பு ஏறியது. உப்போ வினிகரோ சேர்த்தால் சாயம் நிலைத்துவிடும் என்று பலர் சொல்கிறார்களே, செய்யலாமா?

மறுமொழி: பழந்தையல்

வேண்டாம். வினிகர் பருத்தியில் ஏறிய சாயத்தைப் பிடித்துவைக்காது. உப்பும் ஏற்கெனவே ஏறிய தளர்ந்த சாயத்தை நிரந்தரமாக்காது. சாயமேற்றும் தொட்டியில் அது செய்யும் வேலை வேறு. உங்கள் சோதனை நல்ல செய்தியைத்தான் சொல்லியிருக்கிறது: சோப்பு இல்லாத குளிர்நீர் அந்த உறைக்கு ஒத்துப்போகும். ஊறவைக்காமல், நிறைய நீரில் விரைவாக அலசி எடுத்து, தடித்த வெள்ளைத் துண்டுகள் இரண்டுக்கு நடுவே பரப்பி ஈரத்தை ஒற்றியெடுங்கள். ஈரமாக இருக்கும்போது உறையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைத் தொடக் கூடாது, உள்ளேயும் ஒரு துண்டைச் செருகிவையுங்கள். சாயம் பெரும்பாலும் ஓடுவது துவைக்கும்போது அல்ல, ஈரத்தோடு மடிந்து கிடக்கும்போதுதான்.

இழையோட்டம் சொன்ன தந்த நிறத்தை ஒப்புக்கொள்கிறேன், சற்றே முணுமுணுப்போடு.

லினனை வெளியே கொடியில் போட நினைத்தால் ஒரு சொல். உறைபனி நாளிலும் துணி உலரும், ஏனெனில் பனிக்கட்டி நீராகாமலேயே ஆவியாகும். ஆனால் விறைத்து நிற்கும் துணியை அங்கேயே மடக்காதீர்கள், உறைந்த இழை முறியும். பலகையைத் தூக்குவதுபோல் அப்படியே உள்ளே கொண்டுவந்து, தளர்ந்த பிறகு, சற்று ஈரம் இருக்கும்போதே தடித்த துண்டின்மேல் பூவேலை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துப் பின்புறம் இஸ்திரி போடுங்கள். பூக்கள் நசுங்காமல் எழுந்து நிற்கும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல், துவைத்த பழைய பருத்தித் துணி சுற்றிய உருளையில் சுருட்டுங்கள். மரப் பெட்டியின் பலகையும் சாதாரண அட்டையும் அமிலம் விடுபவை. அவற்றில் துணி நேராகப் படக் கூடாது. மேல்மாடப் பரண் வேண்டாம், நிலவறையும் வேண்டாம்.

மறுமொழி: உறைபனிப்பாத்தி

ஒன்று விட்டுப்போயிற்று. அந்த விரிப்புகள் போர்த்திப் போர்த்திக் கந்தலான பின் உரக்குழியில் போடலாம், பருத்தி முழுவதும் மட்கும். ஆனால் முதலில் ஓரத் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள். பின்னாளில் யாரேனும் பாலியஸ்டர் நூலில் தைத்திருந்தால் துணி மறைந்து அந்த நூல் மட்டும் மண்ணில் மிஞ்சும். என் பாத்தியில் மண்கொத்தியின் பல்லில் இன்றும் சிக்கிக்கொண்டிருப்பது அப்படி ஒரு நூல்தான்.